மேடைக்கு மட்டும்

தலையில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

ரோஸ் நிறத் துணி. ஓரத்தில் புற்றுநோய் அறக்கட்டளையின் பெயர்.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

முடி கொட்டிப் பதினான்கு மாதம் கழித்து அன்று காலையில்தான் அவள் தலையில் ஒரு ஹேர்பின் நின்றிருந்தது. இரண்டு விரற்கடை முடி. நாலு தடவை வழுக்கி விழுந்து, ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். விழவில்லை. ஒரு இணுக்கு மல்லிகையையும் அதில் செருகிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி இந்தக் கல்லூரி அரங்கத்துக்கு வந்து சேர்ந்தால், துணியைக் கட்டு என்கிறார்கள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா," என்றார் சுகந்தி மேடம். நிகழ்ச்சி மொத்தமும் அவர் பொறுப்பு. "முடி தெரிஞ்சா விக் எதுக்குன்னு கேப்பாங்கல்ல?"

நியாயமான கேள்விதான். அவளுக்கும் அதே கேள்வி இருந்தது.

விக் கேட்டு அவள் எழுதிக்கொடுத்தது போன வருஷம் ஆடியில். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வராமல் நின்ற நாட்கள் அவை. வரிசையில் இருக்கிறீர்கள் என்றார்கள். இப்போது அவள் முறை வந்துவிட்டது. அதற்குள் முடியும் வந்துவிட்டது.

வரிசைப்படிதான் கொடுப்பார்களாம். வரிசைக்குத் தலை முக்கியமில்லை.

எனக்கு வேண்டாம், வார்டில் இருக்கும் தவமணிக்குக் கொடுங்கள் என்று போனிலேயே சொல்லிப் பார்த்தாள்.

தவமணிக்கு இருபத்தாறு வயது. பெரியாஸ்பத்திரியில் இவளுக்குப் பக்கத்துக் கட்டில். இவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தவமணி மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக இன்னும் அங்கேயே கிடக்கிறாள்.

போன மாதம் தவமணியின் நாலு வயது மகளைக் கூட்டி வந்தார்கள். பிள்ளை கட்டிலைப் பார்த்தது. அப்பாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இது அம்மா இல்லை என்று வார்டே கேட்கக் கத்தியது.

அதோடு பிள்ளையைக் கூட்டி வரவேண்டாம் என்று தவமணி சொல்லிவிட்டாள். போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

நாளைக்கு ஞாயிறு. ஒரே ஒரு தடவை கூட்டி வரச் சொல், உன் தலைக்கு நான் வழி பண்ணுகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணால மேடையில நிக்க முடியாதேம்மா." போனில் இப்படிச் சொன்னதும் இதே சுகந்தி மேடம்தான்.

அப்போது, விக் கைக்கு வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போதும் கடித்துக்கொண்டாள்.

பூவை எடுத்து முந்தானையில் முடிந்தாள். ஹேர்பினை ஜாக்கெட்டில் செருகினாள். துணியைக் கட்டினாள்.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. முடிதானம் செய்த மாணவிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கழுத்தோடு கத்தரித்த தலை. அந்தப் பிள்ளைகள்மீது அவளுக்குக் கோபமில்லை. இடுப்புவரை வளர்த்ததை முகம் தெரியாத யாருக்கோ வெட்டிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

சிறப்பு விருந்தினர் துணிக்கு மேலேயே விக்கை வைத்தார். கோணலாக.

கைதட்டினார்கள்.

சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். லேசாகக் கண் கலங்கினால் நன்றாக இருக்கும் என்றார் போட்டோகிராபர்.

கலங்கவில்லை. அது கலங்குகிற ஆத்திரமில்லை.

மேடைக்குப் பின்னால் இறங்கியதும் மேடம் கையை நீட்டினார்.

"விக்கைக் குடுத்துருங்கம்மா. இது மேடைக்கு மட்டும். மதியம் இன்னொரு காலேஜ்ல ப்ரோக்ராம் இருக்கு. உங்களோடது தனியா கூரியர்ல வரும்."

"எப்ப வரும்?"

"வரிசைப்படி."

அவள் விக்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். உள்வலை நைந்திருந்தது. ஓரத்தில் யாருடைய பவுடரோ படிந்து கறுத்திருந்தது. எத்தனை மேடை ஏறி இறங்கியதோ. எத்தனை பேர் இதை வைத்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களோ.

அப்படியானால் முன்வரிசைப் பிள்ளைகளின் முடி எங்கே போகிறது? அவள் கேட்கவில்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

துணியை அவிழ்த்து நாலாக மடித்தாள். நீட்டிய கையில் அதை வைத்தாள்.

அங்கே மேக்கப் போடுவதற்காக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று விக்கைத் தன் தலையில் வைத்தாள். கோணலைச் சரிசெய்தாள். ஜாக்கெட்டிலிருந்து ஹேர்பினை எடுத்தாள். வலைக்குள் நுழைத்துத் தன் முடியோடு சேர்த்து அழுத்தினாள்.

முதல் தடவையே பிடித்துக்கொண்டது.

மல்லிகையையும் செருகினாள்.

மேடத்தின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. "என்னம்மா இது?"

"வேணும்னா இழுத்து எடுத்துக்கங்க மேடம். என் முடியோடதான் வரும்."

மேடம் கையை இறக்கிக்கொண்டார்.

அரங்கத்தில் அடுத்த பெயரை அழைத்தார்கள். மறுபடியும் கைதட்டல் கேட்டது. பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

பெரியாஸ்பத்திரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது.

தலையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

விழவில்லை.