ஒரு மரம், இரண்டு சுவிட்ச்

கடற்கரைச் சாலை மேடையில் அந்த ஆண்டு இரண்டு சுவிட்சுகள் வைத்திருந்தார்கள்.

ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எபனேசருக்கு. மற்றது தோணி முதலாளி அம்புரோசுக்கு.

அதற்கு முந்தின வருஷம் ஊர் கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்கை யார் போடுவது என்று இவர்கள் இருவருடைய சர்ச் சபைக்காரர்களுக்கும் சண்டை. பேசி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

இந்த வருஷம், 1974-இல், சமாதானம். மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்.

சாயங்காலம் எபனேசர் வயர்மேன் சங்கரபாண்டியனைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, நம்ம சுவிட்சுக்கு மட்டும் கனெக்ஷன் இருக்கட்டும். ஆண்டவருக்கு அதுதான் பிரியம்.”

கொஞ்ச நேரத்தில் அம்புரோஸ் வந்து தோளில் கை போட்டார்.

“ஏலே, எங்க சுவிட்சுலதாம் எரியணும். யாருக்கும் தெரியாண்டாம்.”

சங்கரபாண்டியன் இருவருக்கும் சரி என்றான். அவனுக்கு நகராட்சியில் தற்காலிக வேலை. இருவரில் யார் முகம் சுளித்தாலும் அதுவும் போய்விடும்.

ஆறரை மணி. கிறிஸ்துமஸ் மரமாக ஜோடித்திருந்த சவுக்கு மரத்தின் முன் ஊரே கூடியிருந்தது. சங்கரபாண்டியனும் மேடை ஓரத்தில் நிற்க வேண்டுமென்பது விழாக் கமிட்டி உத்தரவு.

“ஒன்று…”

“இரண்டு…”

இரண்டிலேயே இருவரும் அழுத்திவிட்டார்கள்.

மரம் எரியவில்லை.

எபனேசர் அம்புரோசைப் பார்த்தார். அம்புரோஸ் எபனேசரைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சங்கரபாண்டியனைப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மூன்று!”

மரம் உச்சிவரை பளிச்சென்று எரிந்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது.

“வயர் நீளமில்லையா, கரண்ட் வந்து சேர நேரமாகும்” என்று எபனேசர் தம் ஆட்களுக்கு விளக்கினார். அதையே அம்புரோஸ் தம் ஆட்களிடம் சொன்னார். இருவரும் தனித்தனியே வந்து சங்கரபாண்டியன் கையைக் குலுக்கினார்கள். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள்.

அவன் மேடைக்குப் பின்னால் ஓடினான்.

சுவிட்சுகளிலிருந்து வந்த இரண்டு வயர்களும் எதிலும் சேராமல் மணலில் கிடந்தன. மெயின் சுவிட்ச் பெட்டி அருகே அவன் மனைவி பேச்சி, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

“ஏளா, சொன்னபடி மூணுக்குச் சரியாப் போட்டுட்டியே!”

“மூணா? இந்தக் காத்து இரைச்சல்ல எனக்கு எங்க கேட்டுச்சு? பிள்ளை பசியில அழுதான். போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்னு போட்டேன்.”