இதயம் போட்ட மனு

குணசீலனுக்கு ரத்தக்கொதிப்பு. அழுத்தம் தாங்காத அவருடைய இதயம், ஒரு ஹார்மோனைச் சிறுநீரகத்திடம் தூது அனுப்பிக்கொண்டே இருக்கும். "உப்பை வெளியே தள்ளு, என்னால முடியலை" என்பதுதான் மனு.

"இப்பத்தானேப்பா வந்துட்டுப் போனே?" என்று சிறுநீரகம் அலுத்துக்கொள்ளும்.

"நான் என்ன பண்றது அண்ணே? ஐயா இன்னும் ரெண்டு அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

டாக்டர் மிரட்டியதில் குணசீலன் நடக்க ஆரம்பித்தார். மூன்று மாதம் விடாமல் நடந்தார். அழுத்தம் இறங்கியது. இதயம் மனுப் போடுவதையே குறைத்துக்கொண்டது. ஹார்மோன் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"என் வேலை போயிடும் போலிருக்கு அண்ணே."

"கவலைப்படாதே தம்பி. ஐயாவை எனக்கு அறுபது வருஷமாத் தெரியும்."

அந்த வாரப் பரிசோதனையில் பிரஷர் நார்மல் என்றார்கள். குணசீலன் பூரித்துப்போனார். "அதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு நடக்கணும்?" என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டார். கையோடு ஒரு கிலோ ஆவக்காய் ஊறுகாயும் வாங்கிவந்தார்.

அடுத்த மாதமே ஹார்மோன் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"வா தம்பி, உட்காரு" என்றது சிறுநீரகம். "உன் நாற்காலியைத் தினமும் துடைச்சுத்தான் வெச்சிருந்தேன்."