பத்துக்கு ஒன்பதரை

பெரியப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டியின் நினைவுக் கூட்டத்துக்குத் திரண்டிருந்த பள்ளிக்கூட மண்டபமே சேர்ந்து மூக்கை உறிஞ்சியது.

"அம்மா எங்களுக்குச் சோறு மட்டும் ஊட்டல. சொல்லையும் சேர்த்து ஊட்டினாங்க" என்றார் மைக்கில்.

மேடை ஓரத்து நாற்காலியில் இருந்த பேத்தி வாயைப் பிளந்தாள். எட்டு வருஷத்தில் மூன்று தடவை வீட்டுக்கு வந்து, மூன்று தடவையும் பெற்ற தாயிடம் "சார்ஜர் எங்கம்மா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத மனிதரா இவர்? இவ்வளவு பாசத்தை இத்தனை நாள் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாரோ!

அவருக்கு முன்னால் பேசிய அத்தையும் லேசுப்பட்டவர் அல்ல. மளிகைச் சீட்டையே மூன்று பிழையோடு எழுதுகிறவர், இன்று செந்தமிழில் வெளுத்து வாங்கினார். பாட்டியின் பழைய மாணவரான டாக்டர் ஒருபடி மேல். தான் எழுதிய மருந்துச் சீட்டைத் தானே படிக்கத் திணறுகிறவர், கையிலிருந்த கோடு போட்ட தாளைத் தங்குதடையில்லாமல் படித்தார். மூவருக்கும் சொல்லிவைத்த மாதிரி ஆறாவது வரியில் அழுகை வந்தது.

அடுத்துப் பேத்தியின் முறை. கையில் ஒன்றும் இல்லை. நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம். பதினொரு வருஷம் பாட்டியோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவளுக்கு, அவர் போன மூன்று வாரத்தில் அவரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. ஊரே இப்படிப் பேசிய பிறகு தான் போய் மரம் மாதிரி நின்றால், பாட்டிக்கு அதைவிட அவமானம் வேண்டுமா?

மேடையேறும் முன் பெரியப்பா ஆறுதல் வேறு சொல்லியிருந்தார். "உனக்குப் பேச வரலன்னா விட்டுடும்மா. உன் அஞ்சு நிமிஷத்தையும் சேர்த்து நானே பேசிடறேன்."

பாட்டி முப்பத்தாறு வருஷம் டீச்சர். அவர் வகுப்பில் கட்டுரை என்றால், அவர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். "நீங்க சொந்தமா எழுதிக் கிழிச்சது போதும்" என்பார். அச்சு அசலாக எழுதி நீட்டினாலும் பத்துக்கு ஒன்பதரைதான். முழு மார்க் கேட்டால், "அதுக்கு ஆள் இன்னும் பொறக்கல" என்று அடுத்த நோட்டைப் புரட்டுவார்.

பேத்தி மட்டும் எதையும் பார்த்து எழுத மாட்டாள். ஏன், எதற்கு என்று குடைவாள். அதனால் பாட்டி அவளுக்கு வைத்த பெயர் 'குறுக்குக் கேள்வி'.

கடைசி மாதம்கூட, தலையணையில் சாய்ந்துகொண்டு பாட்டி பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி எழுதுறீங்க?"

"பசங்களுக்கு வீட்டுப்பாடம்."

"நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷமாச்சு!"

"நான்தானே ரிட்டயர் ஆனேன்? பசங்க இன்னும் தேறலையே. போய் வேலையப் பாருடி, குறுக்குக் கேள்வி."

மேடையில் பெரியப்பா உச்சகட்டத்தில் இருந்தார். அந்த நேரம் பார்த்து, மேலே சுற்றிய மின்விசிறி அவருடைய இரண்டாம் தாளைப் பறக்கடித்தது.

"அம்மா... எங்கம்மா... அம்மா வந்து..." அதற்கு மேல் சொந்தச் சரக்கு இல்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அதையே சாக்காக வைத்து அவர் மைக்கை விட்டு இறங்கினார்.

தாள் பேத்தியின் காலடியில் வந்து விழுந்தது. எடுத்தாள். பாட்டியின் கையெழுத்து! ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'இங்கே நிறுத்தி மறுபடி கண்ணைத் துடை. மூக்கைச் சிந்தாதே, மைக் இருக்கிறது.'

நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த பழைய ஹெட்மாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார். "எல்லாருக்கும் டீச்சரே எழுதி எங்கிட்ட குடுத்துட்டாங்கம்மா. இவங்களா எழுதினா என் மானம் போயிடும் சார்னாங்க. உன்னோடத மட்டும் நீ பேசப் போறப்பதான் குடுக்கணுமாம்." சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செத்தும் கைவிடவில்லை பாட்டி. அவசரமாகப் பிரித்தாள்.

அதே கோடு போட்ட தாள். ஒரு வரி இல்லை. திருப்பினாள். பின்னாலும் இல்லை. பாட்டி, என்னை மட்டும் இப்படி நட்டாற்றில் விட்டுட்டீங்களே என்று முனகினாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள். வலது மூலையில், சிவப்பு மையில், பொடியாக ஏதோ இருந்தது. உற்றுப் பார்த்தாள்.

யாரும் ஓரத்தில் குறிப்பு எழுதித் தராமலே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கையும் சிந்தினாள். பிறகு எழுந்து மைக்கை நோக்கி நடந்தாள்.

ஹெட்மாஸ்டர் அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னம்மா இது, உனக்கு மட்டும் வெத்துத் தாளா?"

"இல்ல சார். பத்துக்குப் பத்து."