இருபத்தேழாவது நாற்காலி

பார்சிப்பனி என்ற அமெரிக்க நகருக்கு அருகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் வருடத்துக்கு ஒரு நாள், நாஜிகள் கொன்ற குழந்தைகளின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். பெயர் கிடைத்த குழந்தைகள் மட்டுமே பட்டியலில் வருவார்கள். அன்று மதியம் வான்மதியின் முறை. அவள் தாளில் இருபத்தாறு பெயர்கள் இருந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, அடுத்து வாசிக்கவேண்டிய ஜெயலீலாவைத் தவிர அரங்கில் யாரும் இல்லை.

வான்மதிக்கு டேகேரில் வேலை; தினமும் சின்னப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுப்பாள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதிலுக்காக நிறுத்தினாள்.

"ரிவ்கா, ஆறு வயது."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மெல்லக் கீழே இறங்கியது. ஆள் உட்காராவிட்டால் தானாக மேலே மடிந்துகொள்ளும் நாற்காலி அது. இறங்கியபடியே இருந்தது.

"மெண்டல், நான்கு வயது."

பக்கத்து நாற்காலியும் இறங்கியது.

"என்னக்கா, அட்டெண்டன்ஸா எடுக்கறீங்க? கேப் விடாம படிங்க, டைம் ஆகுதுல்ல," என்றாள் ஜெயலீலா, பின்னால் திரும்பிப் பார்க்காமல்.

வான்மதி நிறுத்தி நிறுத்தியே வாசித்தாள். இருபத்தாறு நாற்காலிகள் இறங்கின. தாள் முடிந்தபோது, இருபத்தேழாவது நாற்காலி பாதி இறங்கி நின்றது. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இன்னும் இருக்காக்கா?"

"ஒரு குழந்தை இருக்கு."

"பேரு என்ன?"

வான்மதி மைக்கை நெருங்கி, டேகேரில் புதிதாக வந்து அழும் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல, "கண்ணா," என்றாள். நாற்காலி அசையவில்லை. "செல்லம்," என்றாள்.

சற்று நேரம் அது அப்படியே நின்றது. பிறகு சத்தமில்லாமல் மேலே மடிந்துகொண்டது.