கறுப்பு ஹெல்மெட்

சைக்கிளில் போன பெண் திரும்பிப் பார்த்ததும், அவன் ஸ்கூட்டரை டீக்கடை ஓரமாக ஒதுக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கறுப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டிருந்தான். அவளுக்கு ஒன்பதாவது படிக்கிற வயதிருக்கும், பள்ளிச் சீருடை.

"யோவ், ஹெல்மெட்டு!" டீ ஆற்றிக்கொண்டிருந்த ராஜாங்கம் குரல் கொடுத்தார். "நானும் ஒரு வாரமா பாக்கறேன். அந்தப் பொண்ணு போனா பின்னாடியே நீ போற. யாருய்யா நீ?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

அவன் அவசரமாகக் கண்ணாடியைத் தூக்கினான். காது மடல்கூடச் சூடாகிவிட்டது. "அண்ணே, அது எம் பொண்ணுண்ணே. கார்குழலி. நான் எழிலரசன், உழவர்கரைதான்." செல்லை எடுத்து, மகளோடு நிற்கும் படத்தைக் காட்டினான்.

"பெத்த பொண்ணு பின்னாடி எதுக்குய்யா திருடன் மாதிரி போற?"

"பஸ்ஸும் லாரியும் போற ரோடுண்ணே. தனியாத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. பின்னாடியே வந்தா எல்லாம் சிரிக்கிறாங்க, நான் என்ன எல்கேஜியான்னு அழுவுது. வரமாட்டேன்னு தலையில கை வச்சி சத்தியம் பண்ணிட்டேன். மனசு கேக்கல. அதான் கூட வேலை செய்யறவரு வண்டி, அவரு ஹெல்மெட்டு."

சொல்லச் சொல்ல அவனுக்கே அவமானமாக இருந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கை மறுநாளே காற்றில் விட்டாயிற்று. இப்போது முன்பின் தெரியாதவர்களிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

ராஜாங்கம் சிரித்துவிட்டார். "பொண்ணு ஒழுங்கா ஓட்டுதா?"

"இடது பக்கமாதான் போவுது. திரும்பறதுக்கு முன்னாடி கை காட்டுது. நிக்கிற கார்ல எவனாவது பட்டுனு கதவத் தொறப்பான்னு தள்ளியே போவுது. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுண்ணே." அவன் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ரெண்டு நாளாத்தான் ஒரே வேகம். நேத்து மெயின் ரோட்ட வுட்டுட்டு எங்கயோ சந்துல பூந்து போச்சு. ஏன்னு கேக்கவும் முடியல. கேட்டா நான் மாட்டிக்குவேன்."

"சரி சரி, போ. சிக்னல்ல கூட்டமா இருக்கும்."

இந்திரா காந்தி சிலைக்குக் கொஞ்சம் முன்னால் அவளை எட்டிப் பிடித்தான். அங்கேயும் அதே வேகம்தான். போக்குவரத்து நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவள் மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

முன்னால் ஒரு ஆட்டோ நின்றுவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. மோதிய வேகத்தில் சைக்கிளோடு சாலையில் சாய்ந்தாள். பக்கத்தில் வந்த பஸ் பிரேக் போட்டு, அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

எழிலரசன் ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி, ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான். சத்தியமாவது, மண்ணாவது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மகளை அள்ளித் தூக்கினான். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. நல்லவேளை, வேறு ஒன்றுமில்லை.

வேவு பார்த்தாயா என்று கேட்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்தான். அவளோ இரண்டு கையாலும் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை நீ வந்தப்பா. சொன்னா சைக்கிள எடுக்கவே வுடமாட்டேன்னுதான் உங்கிட்ட சொல்லல. ஒரு வாரமா எவனோ ஒருத்தன் கறுப்பு ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு பின்னாடியே வர்றாம்பா. அவன் வர்றானான்னு திரும்பிப் பாத்தேன், அதுக்குள்ள..."

எழிலரசன் தான் வீசிய ஹெல்மெட் கிடந்த பக்கம் பார்த்தான். அவள் சுற்றி நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிடியை இன்னும் இறுக்கினாள்.

"என்ன வுட்டுட்டுப் போயிடாதப்பா. அவன் இங்கதான் எங்கயாவது நிப்பான்."