நாலு விரல்

"கயிறு பொய் சொல்லாதும்மா. நாலு வாரம் தர்றேன். நெஞ்சளவு நாலு விரல் கூடலைன்னா இந்தக் கன்னை யாவாரி கையில பிடிச்சுக் குடுத்துடுவேன். அவ்வளவுதான் பேச்சு," என்றார் மாமனார்.

மருமகள் வாதாடியும் பயனில்லை. நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். அரை விரல் சாய்ந்துவிட்டது என்று, இடுப்பு உயரம் எழும்பிய சுவரை இடித்துத் தள்ளி மறுபடி கட்டவைத்த மனுஷன். சொன்ன சொல்லிலும் அதே பிடிவாதம்தான். மாட்டு யாவாரியிடமும் நேற்றே வாக்குக் கொடுத்தாயிற்று.

தொழுவத்தில் நின்றிருந்தது நாலு மாசக் கிடாரிக் கன்று. வயிறு மட்டும் பானை, மற்றதெல்லாம் எலும்பும் தோலும். மயிர் சிலிர்த்துப்போய்க் கிடந்தது. போகிற வருகிற இடமெல்லாம் மண்ணை நக்கும். வயிற்றைப் பார்த்து வைத்த பேர், தொப்பை.

அது பிறந்த அன்று வீட்டில் ஆளில்லை. கணவன் லாரியோடு வெளியூரில் இருந்தான். இவள்தான் தனியாளாகக் கன்றை இழுத்துப் போட்டு, மூக்கை அடைத்திருந்த சளியைத் துடைத்து, மூச்சு வரவைத்தாள். அதை வெட்டுக்கு அனுப்புவதென்றால் மனசு வருமா?

சாணியைச் சோதித்துவிட்டு வந்த கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "வயிறு முழுக்கப் புழு. நீங்க ஊட்டறதை எல்லாம் அதுங்கதான் சாப்பிடுது," என்றார். நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து எடையைக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற மருந்தைக் கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "தலையை ரொம்பத் தூக்காதீங்க, புரையேறிடும். ஈரத்துல கட்டாதீங்க. சாணியை அன்னன்னிக்கே அள்ளிடுங்க. அடுத்த டோஸுக்கு நாலு வாரம் கழிச்சு நானே வர்றேன்."

"நாலு விரல் வளந்துடுமா டாக்டர்?"

"புழு போயிடும். ஆனா புண்ணாப்போன குடல் தேறணுமே. மூணு மாசம் பொறுத்தா நல்லா தெரியும்."

"மூணு மாசமெல்லாம் கிடையாது," என்றார் மாமனார். "நாலு வாரம்."

டாக்டரம்மாவின் டேப்பிலும் அவருக்கு நம்பிக்கையில்லை. இழுத்தால் நீளுமாம். தன் அளவுக் கயிற்றைக் கொண்டுவந்து, கன்றின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி, நுனி தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். இனி கன்று வளர்ந்தால் நுனிக்கும் முடிச்சுக்கும் நடுவே இடைவெளி விழும். அதைப் புதன்கிழமைதோறும் விரலால் அளப்பார். அளந்ததும் கயிறு அவருடைய அறை ஆணிக்குப் போய்விடும்.

முதல் புதன்கிழமை ஒன்றுமில்லை. இரண்டாம் புதன் அரை விரல். மூன்றாம் புதன் ஒரு விரல்.

"தேறாது போலிருக்கே," என்றார் மாமனார்.

"மண்ணு நக்கறதை விட்டுடுச்சு மாமா. சாணியும் கெட்டியா போடுது. காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிக்குது."

"அதெல்லாம் கயித்துல வராதும்மா."

நாலாம் வாரம், செவ்வாய்க்கிழமை மாமனார் டீக்கடைக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, மருமகள் அவர் அறைக்குள் நுழைந்தாள். முடிச்சை அவிழ்த்து, நுனிப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிப் போட்டாள். தப்புதான். தெரிந்தேதான் செய்தாள்.

மறுநாள் காலையில் யாவாரியும் வந்து நின்றான். மாமனார் கன்றின் நெஞ்சைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து, விரல் வைத்து எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஆறு."

யாவாரிக்கு முகம் தொங்கிவிட்டது. "என்னங்க, புழு மருந்து குடுத்தீங்களா, உரம் போட்டீங்களா?"

"கயிறு பொய் சொல்லாதுப்பா," என்று சொல்லி அவனைத் தெருமுனைவரை வழியனுப்பப் போனார் மாமனார்.

மருமகளுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. கூடவே உறுத்தலும் வந்தது. ஆறில் இரண்டு தன் திருட்டு. அப்படியென்றால் தொப்பை தானாகவே நாலு விரல் வளர்ந்திருக்கிறது. பெற்ற அப்பா மாதிரி இருக்கிற மனுஷனை அநியாயமாக ஏமாற்றிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்து இரண்டாவது டோஸைக் கொடுத்தார். டேப்பைச் சுற்றிப் பார்த்தார். சட்டென்று அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு டாக்டர்?"

"நல்லா தேறியிருக்கு."

"அளவு எவ்வளவுன்னு கேட்டேன்."

"அதான் நல்லா இருக்குன்னு சொல்றேனே. விடுங்கம்மா."

அந்த மழுப்பல் இவளுக்குத் தாங்கவில்லை. இவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள். "டாக்டர், உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நேத்து நான்தான் முடிச்சை ரெண்டு விரல் தள்ளிப் போட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா அந்த முகத்துல நான் எப்படி முழிப்பேன்? தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"டேப்புல ரெண்டு விரல்தாம்மா கூடியிருக்கு. இந்தக் கன்னுக்கு அதுவே பெருசு. நீங்க தள்ளின ரெண்டையும் சேர்த்தா நாலுதான் வரணும்."

"கயித்துல ஆறு வந்துச்சே டாக்டர்?"

"இன்னிக்கு ஆஸ்பத்திரி திறக்கறதுக்கு முன்னாடியே உங்க மாமனார் வந்து வாசல்ல நின்னாரு," என்றார் டாக்டரம்மா. "'டேப்புல என்ன வந்தாலும் மருமக காதுல விழ வேண்டாம், நேத்து ராத்திரி நான்தான் முடிச்சை ரெண்டு விரல் தள்ளிப் போட்டேன்'னு சொல்லிட்டுப் போனாரு."