நான்கு ட்ரை

ரக்பி கிளப் ஜன்னலில் சனிக்கிழமை மழை வழிகிறது. பதினோரு உறுப்பினர்கள் கைதூக்கி முடிவு செய்தால்தான் சுவரிலுள்ள ஜாம்பவான்கள் பலகையில் ஒரு பெயர் ஏறும். இன்று கிளிஃபர்ட் ரைஸ்ட்ரிக்கின் பெயர். அவரும் உறுப்பினர்தான், மனைவி ஈனிட் அருகே, நசுங்கித் தடித்த காதுகளோடு உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார். தலைவர் சக்டன் பழைய ஸ்கோர் நோட்டைப் புரட்டி, "பதினாலு வருஷத்துல மொத்தமே நாலு ட்ரைதான்ப்பா" என்கிறார். "அவர் ப்ராப்புய்யா! ட்ரை போடுறதா அவர் வேலை?" என்கிறாள் ஈனிட். அவள் சொல்வது சரி. ரக்பி லீகில் ப்ராப் என்பவர் பந்தோடு எதிரணிமேல் முதலில் போய் மோதுகிறவர். நாலு பேர் சேர்ந்துதான் அவரைச் சாய்க்க முடியும். அவர்கள் எழுவதற்குள் பந்து கைமாறி, ஓரத்தில் நிற்பவர் காலியிடத்தில் ஓடிக் கோட்டுக்கு அப்பால் அதைத் தரையில் வைப்பார். அதுதான் ட்ரை. நோட்டில் ஏறுவது ஓடியவர் பெயர். மோதலுக்கு நோட்டில் கட்டமே கிடையாது. "இந்த வருஷம் எழுதுனாத்தான் அவரால படிக்க முடியும். அடுத்த வருஷம் தன் பேரே ஞாபகமிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்கிறாள் ஈனிட். அறையில் யாரோ இருமுகிறார்கள். வேண்டும் என்று ஐந்து கைகள் எழுகின்றன, ஈனிட்டுடையதும் சேர்த்து. வேண்டாம் என்றும் ஐந்து. பிறகு, விரல்கள் கோணிய பெரிய கையொன்று அந்த ஐந்தோடு மெல்ல உயர்கிறது. "நாலே நாலு ட்ரை போட்டவனெல்லாம் ஜாம்பவானா? யாருய்யா அவன்?" என்று சிரிக்கிறார் கிளிஃபர்ட். ஈனிட் இரண்டு கைகளாலும் பிடித்து இழுக்கிறாள். அந்தக் கையைச் சாய்க்க அவளால் முடியவில்லை.